விரலை எடுத்த பிறகும் ஓடிய துடிப்பு

பிப்ரவரி 7, செவ்வாய்

டிராமில் இன்றும் ராடிமைப் பார்த்தேன். முதுகு மட்டும்தான். சாம்பல் நிறக் குல்லா, ஒரு பக்கம் சாய்ந்த தோள். இறங்கும்போது திரும்பினான். வேறு யாரோ.

அவன் கார் பனிச்சாலையில் சறுக்கி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவன் விட்டுப்போன நிரலை நான்தான் பராமரிக்கிறேன். மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் இருக்கும் இதய மானிட்டர்களுக்காகக் கர்னலுக்குள் அவன் எழுதியது. கர்னல் என்றால் கணினி இயங்குதளத்தின் அடிவயிற்றில் இருக்கும் பகுதி, யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் திறந்தே கிடப்பது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நடுநடுவே அவன் குறிப்புகள். "இங்கே கை வைப்பவர் முதலில் ஒரு பியர் குடித்துவிட்டு வரவும்." படிக்கும்போது அவன் குரலிலேயே கேட்கிறது. அதனால் அந்தக் கோப்பைத் தேவை இல்லாமல் திறப்பதில்லை.

பிப்ரவரி 9, வியாழன்

எங்கள் முதலாளி லுபோர் மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னார். மலைப்பக்கத்து மருத்துவமனை ஒன்றில் ஒரு நோயாளி இறந்துவிட்டாராம். நம்ம மானிட்டர்தான். அலாரம் அடிக்கவில்லை. நர்ஸ் அதை அமுக்கி வைத்துவிட்டார் என்கிறார்கள், வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"திரையில அவருக்குத் துடிச்சிக்கிட்டேதான் இருந்துச்சாம். செத்தவருக்கு எப்படிம்மா துடிக்கும்? பதிவை ஒரு தடவை பார்த்துட்டு, மெஷின்ல குறை ஒன்னும் இல்லைன்னு எழுதிக் குடு ஹெட்விகா. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சா நல்லது."

என் தட்டில் குலாஷ் கறிக்குழம்பு ஆறிப்போய் மேலே கொழுப்பு படிந்திருந்தது. அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 10, வெள்ளி

எழுதிக் கொடுக்கவில்லை. துடிச்சிக்கிட்டேதான் இருந்துச்சு. இந்த ஒரு வாக்கியம் போக மாட்டேன் என்கிறது. பொய் சொல்ல நினைப்பவர் இதைவிட நம்பும்படி ஒன்றைச் சொல்லியிருப்பார்.

பிப்ரவரி 14, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

ஒரே ஒரு வரி. கம்பி வழியே வரும் ஒவ்வொரு செய்தியின் தலையிலும், பின்னால் எத்தனை அளவீடுகள் வருகின்றன என்று ஓர் எண் இருக்கும். ராடிம் அந்த எண்ணை ஓர் அளவீட்டின் நீளத்தால் பெருக்கி, கர்னலிடம் அவ்வளவு நினைவகம் கேட்கிறான். பள்ளிக்கூடப் பெருக்கல். எண் ஒழுங்காக இருக்கும்வரை சரி. கம்பி தளர்ந்து எண் கெட்டுப்போய், பூதாகாரமாக வந்தால்? விடை அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் அடங்காது. மேல் இலக்கங்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது ஒரு குட்டி எண். கர்னலும் குட்டி இடத்தையே கொடுக்கும். செய்தியை அதில் கொட்டினால் வழிந்து பக்கத்து இடத்தை அழிக்கும். பக்கத்தில் இருப்பது, புது அளவீடு வந்திருக்கிறது என்று திரைக்குச் சொல்லும் பகுதி.

நம்ப முடியவில்லை. சோதனை மேசையில் இருந்த மானிட்டரின் கிளிப்பை என் விரலில் மாட்டினேன். பச்சைக் கோடு ஓடியது. கெட்ட எண்ணோடு ஒரு செய்தி அனுப்பினேன். கிளிப்பைக் கழற்றினேன்.

கோடு ஓடிக்கொண்டே இருந்தது.

கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் என் இதயம் துடிக்கிறது. கடைசிச் சில வினாடிகள், திரும்பத் திரும்ப. நான் எழுந்து போனாலும் துடிக்கும். நான் செத்தாலும்—

ஏன்டா இதைச் சரிபார்க்காம விட்ட? ஒரு வரிடா.

பிப்ரவரி 15, புதன்

லுபோரைக் கூப்பிட்டு அவர் விரலிலும் மாட்டிக் காட்டினேன். கழற்றிய பிறகு விரலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி. திருத்திடு. அடுத்த பதிப்புல எல்லா இடத்துக்கும் போயிடும். குறிப்புல 'சிறு சீரமைப்பு'ன்னு போடு. அதுக்கு மேல வேணாம்."

"அந்த நர்ஸ்?"

"நான் கெட்டவன் இல்ல ஹெட்விகா. இங்க நாப்பது குடும்பம் இருக்கு. அப்புறம் ராடிம். ஒரு மனுஷன் சாவுக்கு அவன்தான் காரணம்னு ஊரே படிக்கணுமா? அவன் வந்து பதில் சொல்ல முடியுமா?"

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் என்னைக் குத்தியது. அவருக்கும் அது தெரியும்.

பிப்ரவரி 20, திங்கள்

கண்ணை மூடினால் பச்சைக் கோடு.

திருத்தத்தை எழுதி முடித்துவிட்டேன். புதிதாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கர்னலில் பல வருடமாக இருக்கிற வழிதான். பெருக்கலை நாமே செய்யாமல் அதற்கென்று இருக்கும் செயல்கூறிடம் விட்டுவிட வேண்டும். விடை அடங்காவிட்டால் அது எண்ணை உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அவ்வளவு நினைவகம் எந்த இயந்திரத்திலும் இல்லை. கர்னல் "இல்லை" என்று சொல்லும். மானிட்டர் அந்தச் செய்தியைத் தள்ளிவிட்டு அலறும். அவ்வளவுதான், இல்லை என்று சொல்லத் தெரிய வேண்டும்.

குறிப்பில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. எந்தப் பழைய மாற்றத்தில் இந்தத் தவறு தொடங்கியது என்று ஒரு வரி போடுவது வழக்கம். பழைய மாற்றத்தைத் தட்டினால் ராடிம் பெயர் வரும்.

பிப்ரவரி 25, சனி

அனுப்புவதற்கு முன் அவன் மனைவியிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். வாசலிலேயே வீட்டுச் செருப்பு மாற்றக் கொடுத்தாள் ஓல்கா, காபி போட்டாள். அவன் கோட்டு இன்னும் மாட்டியில் தொங்குகிறது. எல்லாவற்றையும் சொன்னேன்.

கோப்பையைக் கையில் சுழற்றினாள்.

"என் புருஷன் ஒருத்தரைக் கொன்னுட்டான்னு சொல்ல வந்திருக்க."

"இல்ல ஓல்கா. அவன் எழுதின ஒரு வரி—"

"அவன் எழுதினதுதானே அவன்ல மிச்சம் இருக்கு? நிரல் எழுதுறவங்க ஒருத்தருக்கொருத்தர் மெயில் போட்டுக்கிற அந்த அஞ்சல் பட்டியலை நான் தினமும் திறந்து பார்க்கிறேன், உனக்குத் தெரியுமா? ஒரு எழுத்து புரியாது. எங்கயாவது யாராவது அவன் பேரைச் சொல்லியிருக்காங்களான்னு பார்ப்பேன். போன மாசம் பிரேசில்காரன் ஒருத்தன் சொல்லியிருந்தான். அன்னைக்கு நிம்மதியாத் தூங்கினேன்."

"அந்த நர்ஸுக்கு வேலை போயிடும் ஓல்கா. வழக்கும் வரலாம்."

"அப்போ என்னை எதுக்குக் கேக்குற? நீதான் முடிவு பண்ணிட்டியே."

உண்மைதான். கேட்கப் போகவில்லை, மன்னிப்பு வாங்கப் போயிருக்கிறேன். காபி குடிக்காமலே கிளம்பினேன். அவள் கதவைச் சாத்தியதுகூட மெதுவாகத்தான்.

பிப்ரவரி 27, திங்கள்

திருத்தத்தை அஞ்சல் பட்டியலுக்கு அனுப்பிவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதினேன்: எண் கெட்டால் திரையில் பழைய துடிப்பு நிற்காமல் ஓடும், அலாரம் அடிக்காது. எந்த மாற்றத்தில் தொடங்கியது என்ற வரியும் இருக்கிறது. அந்த நர்ஸை விசாரிக்கும் விசாரணைக் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

பழைய மாற்றத்தை எழுதியவருக்கும் கடிதம் தானாகப் போய்விடும். அதை மறந்துவிட்டேன். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தது. ராடிம் என்று யாரும் இந்த முகவரியில் இல்லை.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 1, புதன்

லுபோர் என்னிடம் பேசுவதில்லை. ஆனால் வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. விசாரணைக் குழு கேட்டதும் மானிட்டரை அவரே காரில் எடுத்துக்கொண்டு போனாராம், அவர் விரலிலேயே மாட்டிக் காட்டினாராம். நாளை நானும் போக வேண்டும்.

மார்ச் 2, வியாழன்

விசாரணைக் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது இருக்கும். நகத்தைச் சுற்றித் தோலெல்லாம் கடித்திருந்தது. ஷார்க்கா. அவள்தான் அந்த நர்ஸ்.

"நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டர்காரங்களா?"

"ஆமா."

"எங்க அம்மாவே என்னைக் கேட்டாங்க. தூங்கிட்டியாடின்னு." மறுபடி நகத்தோரத்தைக் கடித்தாள். "ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான்தான் அமுக்கிட்டேனோ, ஞாபகம் இல்லையோன்னு. கனவுல அமுக்குறேன். தினமும் அமுக்குறேன்."

"நீங்க அமுக்கல."

"தெரியும். இப்ப தெரியும். ஆனா நான் அவர் முகத்தைப் பார்க்காம திரையைப் பார்த்துட்டுப் போயிட்டேன் இல்ல? ரெண்டு தடவை. கைய தொட்டிருந்தா சில்லுனு இருந்திருக்கும்."

திரையை நம்பச் சொல்லித்தானே நாங்கள் அதைச் செய்தோம். அதைத்தான் சொன்னேன். அவள் தலையாட்டினாள், சமாதானமானதுபோல் தெரியவில்லை.

மார்ச் 30, வியாழன்

ஷார்க்கா மேல் தவறில்லை என்று தீர்ப்பு.

ஏப்ரல் 10, ஈஸ்டர் திங்கள்

விடுமுறை. நிரல் முழுக்கத் தேடினேன், இதேபோல் வெறுமனே பெருக்கி நினைவகம் கேட்கும் வரிகளை. ராடிமுடையவை நிறைய. என்னுடையவையும். எல்லோரும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம், எங்கள் பெருக்கல்களில் கெட்ட எண் இன்னும் வந்து விழவில்லை, அவ்வளவே. ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கிவிட்டேன். வெளியே யார் வீட்டிலோ வறுத்த ஆட்டுக்குட்டி வாசனை.

மே 18, வியாழன்

ஓல்கா போன் செய்தாள். பெயர் தெரிந்ததும் எடுக்கத் தயங்கினேன்.

"இறந்து போனாரே, அவர் பேர் என்ன?"

"வாவ்ஷினெட்ஸ். வாவ்ஷினெட்ஸ் ஹ்லாவிங்கா. ரயில் சிக்னல் பார்த்தவர். ஓய்வு பெற்றவர்."

"குடும்பம்?"

"ஒரு பொண்ணு இருக்காங்க. ஓஸ்த்ரவால."

எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "வச்சிடுறேன்" என்றாள்.

ஜூன் 6, செவ்வாய்

ஓல்கா ஓஸ்த்ரவா போய் வந்தாளாம். இறந்தவரின் மகளோடு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாளாம். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. "அவன் நல்லா சிரிப்பு காட்டுவான்னு சொன்னேன்" என்றாள். அப்புறம், "காபி குடிக்காம போயிட்ட அன்னைக்கு. சனிக்கிழமை வா."

அக்டோபர் 24, செவ்வாய்

உதவிப் பிரிவில் இருக்கும் ஸ்லாவ்கா என் மேசைக்கு வந்தாள், எரிச்சலாக.

"தெற்குப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. அங்க தலைமை நர்ஸம்மா போன்ல என்னைக் காய்ச்சி எடுத்துட்டாங்க. மத்தியானம் காரணமே இல்லாம ஒரு மானிட்டர் கத்தியிருக்கு. நல்லா தூங்கிட்டிருந்த நோயாளி திடுக்கிட்டு எழுந்து, பக்கத்துல இருந்த சூப்பைப் போர்வை மேல கொட்டிட்டாராம். கம்பி லேசா தளர்ந்திருந்துச்சாம், அதுக்குப் போய் இப்படியா கத்தும்னு கேக்குறாங்க. உங்க மெஷினை ஒழுங்கா செய்யுங்கன்னாங்க. என்ன பதில் சொல்லட்டும்?"

இயந்திரத்தின் பதிவை வரவழைத்துப் பார்த்தேன். கெட்ட எண் ஒன்று வந்திருக்கிறது. அதற்குக் கீழே: நினைவகம் மறுக்கப்பட்டது.

ஸ்லாவ்கா காத்துக்கொண்டு நின்றாள். நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கம்பியை மாத்தச் சொல்லு" என்றேன். "போர்வைக்கு மன்னிப்பு கேட்டுக்கோ."