ஏழாவது வரிசை, இடது கை ஓரம்

மார்ச் 3

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நான் நல்லா இருக்கேன். நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டிப் பொண்ணும் நல்லா இருக்கீங்கன்னு நம்பறேன். போன தடவை நீ போட்ட பதில் நாலே வரி, அதுல ரெண்டு வரி அங்கே பெய்யற மழையைப் பத்தி. போகட்டும், கையெழுத்தையாவது பார்த்தேன்.

இங்கே ரெண்டு செய்தி. கல்லறைத் தோட்டத்துக்குக் கேட்டை மாத்திட்டாங்க. கிழக்கே ரோட்டை அகலப்படுத்தறாங்களாம், அதனால நீ ஏறி ஆடின பழைய கேட்டை எடுத்துட்டு அந்த இடத்துல சுவர் வெச்சாச்சு. இப்போ எதிர்ப்பக்கம், மேற்கே புது கேட். என் காவலாளி அறையும் அங்கேதான். சாயங்கால வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது. ஆபீஸ் கிளார்க்கிட்ட சொன்னா, உள்ளே குடை பிடிச்சுக்கிட்டு உட்காருங்கங்கறான்.

ரெண்டாவது, நகராட்சிக்காரங்க ஒரு கையேடு போடறாங்க. இங்கே புதைச்சிருக்கற பிரபலங்கள் நாற்பது பேரைப் பத்தி. பட்டியல் போட என்னைச் சொல்லியிருக்காங்க. முப்பத்தொன்பது பேர் எழுதிட்டேன். இன்னிக்கும் ஆம்பளைங்க காதல் கடிதம் கொண்டு வந்து வெச்சுட்டுப் போற பாட்டுக்காரம்மா. உடைஞ்ச காலோட நின்னு கோல் விடாத கோல்கீப்பர். ஆத்துப் பாலம் கட்டின இன்ஜினியர். அப்பாவுக்குக் கடைசியா வைத்தியம் பார்த்த சர்ஜன். தூக்குத் தண்டனை கொடுத்த நீதிபதியும், அவரால தூக்குல தொங்கின பத்திரிகைக்காரரும் ஒரே வரிசை, நடுவுல ஒரு பல் டாக்டர். மூணு பேரும் இதுவரைக்கும் சண்டை போட்டதில்லை.

நாற்பதாவது ஆள் மீசை. எழுதறதா வேண்டாமான்னு ஒரு வாரமா பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஊரையே நடுங்க வெச்ச போலீஸ் கமிஷனர், அரசு மரியாதையோட புதைச்சவன். ஒன்பது வருஷம் முன்னாடி அவனைக் கொண்டு வந்தப்பவே உனக்கு எழுதினேன்: ஏழாவது வரிசை, இடது கை ஓரம். அதே வரிசையில வலது கை ஓரத்துல அப்பா. காவலாளி செத்தா வரிசைக் கடைசியில, தகடு இல்லாத கல்லுக்குக் கீழே இடம் கொடுக்கறது இங்கே வழக்கம்னு உனக்குத் தெரியும். மீசையோட மகன் மண்டபம் கட்டணும்னு வந்து குதிச்சான். இங்கே எல்லாருக்கும் ஒரே அளவு கருங்கல்தான், வேணும்னா பித்தளைத் தகட்டுல பட்டத்தை எல்லாம் எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்.

நீ சொல்லு, எழுதவா?

உன் அக்கா

மார்ச் 14

அக்காவுக்கு,

எழுதாதே. இதை என்னைக் கேட்டு வேற தெரிஞ்சுக்கணுமா?

எனக்கு இங்கே நசுங்கின காரைத் தட்டி நேராக்கற வேலை. காலையில சுத்தியலைத் தூக்கினா சாயங்காலம் வரைக்கும் அடிதான். ஒவ்வொரு அடியும் அவன் மண்டையிலதான் விழுது. இருபத்து நாலு வருஷமா இப்படித்தான் சம்பாதிச்சுச் சாப்பிடறேன்.

நீ மறந்திருக்க மாட்டே, இருந்தாலும் எழுதறேன். ஸ்டிரைக்குல சுட்டுப் போட்ட ஏழு பேரை லாரியில கொண்டு வந்தான். பதிவேட்டுல பேர் எழுதாம ஒரே குழியில தள்ளணும்னான். பேர் எழுதாம யாரும் உள்ளே போக முடியாதுன்னு அப்பா கேட்டை மறிச்சுக்கிட்டு நின்னார். மீசை கத்தக்கூட இல்லை. பக்கத்துல நின்ன போலீஸ்காரன்கிட்ட துப்பாக்கியை வாங்கி, திருப்பிப் பிடிச்சு, கட்டையால அப்பா முகத்துல இடிச்சான். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தச் சொல்லி இன்னும் இடிச்சான். நான் தண்ணிப் பம்புக்குப் பின்னாடி உட்கார்ந்து எண்ணினேன். பதினொண்ணு.

நீ என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டே. மூணாம் நாள் கூட்டிட்டு வந்தப்போ அப்பாவைத் துணியால சுத்தி வெச்சிருந்தே. முகத்தை எனக்குக் காட்டவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு உன்மேல இன்னும் இருக்கு.

இப்போ ஆட்சி மாறிடுச்சு. அவனைக் காப்பாத்த யாரும் இல்லை. நெட்டையன் அங்கேதான் இருக்கான், சின்ன வயசு சிநேகிதம், எது சொன்னாலும் செய்வான். நீ ஒரு நாள் கேட்டைப் பூட்டாம வீட்டுக்குப் போ. மத்ததை அவங்க பார்த்துப்பாங்க.

தம்பி

ஏப்ரல் 2

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு மீசை பேரை எழுதாமத்தான் பட்டியலைக் கொடுத்தேன். என்ன பிரயோஜனம்? நகராட்சியில மேலே இருக்கறவன் சேர்த்துட்டான். நகரத்தில் அமைதியை நிலைநாட்டியவர்னு ரெண்டு பக்கம், போட்டோவோட. மறுநாளே ஒரு பத்திரிகையில அந்தப் போட்டோவையும் செத்த ஏழு பேர் பேரையும் பக்கத்துல பக்கத்துல போட்டாங்க. அப்பா எழுதி வெச்ச பதிவேட்டைப் பார்த்துத்தான் போட்டாங்க. ஆறு பேர் முழுசா இருக்கும், அடி விழுந்ததுல ஏழாவது பேர் பாதியில நிக்கும், தெரியுமில்ல?

அதோட பத்திக்கிச்சு. மார்க்கெட்டுல மீசையோட மகனை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு இரும்புக் கம்பியால அடிச்சாங்க. ஒரு கண்ணு போயிடுச்சு. பஸ் டிப்போவைக் கொளுத்தினதுல உள்ளே தூங்கின டிரைவர் வெந்து போனார். அந்த மனுஷனுக்கும் மீசைக்கும் என்ன சம்பந்தம்? நேத்து அவருக்குத்தான் குழி வெட்டினேன். அவர் சம்சாரம் மண்ணை அள்ளி என்மேலயே வீசினா. நான் துடைச்சுக்கலை.

அப்பா செய்யற மாதிரியே செஞ்சுட்டேன். ஊர்ல கலவரம்னா அவர் முதல் வேலையா எல்லாக் கல்லுலேயும் தகட்டைக் கழட்டிச் சாமான் கொட்டகையில மூட்டை கட்டிப் போட்டுடுவார். தகடு இல்லேன்னா எல்லாம் ஒரே கருங்கல், யாரு யாருன்னு வெளியாளுக்குத் தெரியாது. பதிமூணு வரிசையையும் ரெண்டு நாள் உட்கார்ந்து கழட்டினேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு.

நெட்டையன் ரெண்டு தடவை வந்துட்டான். அக்கா அக்கான்னு குழைஞ்சு பேசி, மீசை எந்தக் கல்லுன்னு கேட்டான். சொல்லலை. உன்னையும் கெஞ்சிக் கேட்டுக்கறேன், நீயும் சொல்லிடாதே. எனக்கு மட்டும் அவன்மேல பாசமா? தினமும் அவன் கல்லுமேல விழற இலையைப் பெருக்கறப்போ என் வயிறு எரியறது எனக்குத்தான் தெரியும். ஆனா உள்ளே வந்துட்டவனுக்கு நான் காவல். அப்பா உயிரைக் கொடுத்ததே உள்ளே வந்தவங்களுக்காகத்தான். இன்னிக்கு ஒருத்தனைத் தோண்ட விட்டா நாளைக்கு யாரை வேணும்னாலும் தோண்டுவாங்க.

நீ என் கடிதத்தைப் பாதிதான் படிப்பேன்னு தெரியும். இந்தப் பாதியைப் படி.

உன் அக்கா

மே 2

அக்கா,

முடிஞ்சது. இருபத்து நாலு வருஷத்துல நேத்துத்தான் மனசாரச் சிரிச்சேன். என் பொண்ணு, அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு அம்மாகிட்ட போய்க் கேட்கறா.

உன்கிட்ட மறைக்க மாட்டேன். உன் கடிதம் வந்த அன்னிக்கே நெட்டையனுக்கு எழுதிட்டேன்: கேட்டுல நுழைஞ்சு ஏழாவது வரிசை, இடது கை ஓரம், கடைசிக் கல்லு. நீ சொன்ன அடையாளம்தான், மறப்பேனா? திட்டணும்னா திட்டு.

நேத்து அவன்கிட்டயிருந்து பதில் வந்தது. அறுபது பேர் போனாங்களாம். சம்மட்டியால கல்லை நாலாப் பிளந்தாங்களாம். அப்புறம் கடப்பாரை. எலும்பை எல்லாம் கோணியில அள்ளிட்டு வந்து ரோட்டுல கொட்டி, ஆளாளுக்கு மிதிச்சாங்களாம். மண்டையோட்டைப் பசங்க ஸ்டேஷன் வாசல் வரைக்கும் உதைச்சுட்டே போனாங்களாம். அங்கே பெட்ரோல் ஊத்திக் கொளுத்தினாங்களாம். படிச்சுட்டுப் பட்டறையில எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு வேடிக்கை கேளு. தாடை எலும்பு தனியா வந்துச்சாம், அது உடைஞ்சு கம்பி போட்டுக் கட்டியிருந்துச்சாம். நமக்கு முன்னாடியே எவனோ ஒரு புண்ணியவான் மீசைக்கு நல்லாக் கொடுத்திருக்கான். அதை மட்டும் எனக்காக எடுத்து வெச்சுக் கப்பல்ல வேலை செய்யற ஒருத்தன்கிட்ட கொடுத்தனுப்பியிருக்கான். இன்னும் ரெண்டு வாரத்துல என் கைக்கு வந்துடும். நெட்டையன் நெட்டையன்தான்.

உன்மேல கை வைக்கலை, கொட்டகையில விட்டுப் பூட்டினோம், அவ்வளவுதான்னு எழுதியிருக்கான். பயந்திருப்பே. மன்னிச்சுக்கோ. அப்பா இனிமே நிம்மதியாத் தூங்குவார்.

உன் தம்பி

மே 12

தம்பி,

கையெழுத்து கோணலா இருக்கும். வலது கை மூணு இடத்துல உடைஞ்சிருக்கு, இடது கையால எழுதறேன். ஆபீஸ் போனையும் அன்னிக்கு உடைச்சுட்டாங்க, இல்லேன்னா உன் கடிதம் வந்த நிமிஷமே கூப்பிட்டிருப்பேன். மெதுவாப் படி. இந்தத் தடவை முழுசாப் படி.

கேட்டை மாத்திட்டாங்கன்னு மார்ச் மாசமே எழுதினேன். நான் உனக்கு அடையாளம் சொன்னது கிழக்கு கேட்டை வெச்சு. நெட்டையன் வந்தது மேற்கு கேட் வழியா. பதிமூணு வரிசையில ஏழாவது எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஏழாவதுதான். இடது கைதான் மாறிடும்.

அவங்க பிளந்தது அப்பாவை.

கேட்டுல குறுக்கே நின்னேன். கடப்பாரையால கையில போட்டான் ஒருத்தன். நெட்டையன் பார்த்துக்கிட்டுத்தான் நின்னான். கொட்டகையில தள்ளிப் பூட்டினாங்க. பலகைச் சந்து வழியா அவங்க எந்த ஓரத்துக்குப் போறாங்கன்னு பார்த்தேன். கத்தினேன். அது எங்கப்பாடா, மீசை அந்தப் பக்கம் இருக்கான், போய் அவனை உடைங்கடான்னு கத்தினேன். உள்ளே வந்தவனுக்குக் காவல்னு உனக்கு அவ்வளவு பெரிசா எழுதினேனே, அந்த வாயாலயே காட்டிக் கொடுத்தேன். ஒருத்தன் திரும்பிப் பார்த்து, அவ கமிஷனரைக் காப்பாத்தப் பொய் சொல்றான்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் சம்மட்டி விழுந்தது.

தகடு கழட்டின கல்லுல நாலு திருகு ஓட்டை இருக்கும். அப்பா கல்லுல அது கூட இல்லை. ஒரு நிமிஷம் நின்னு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் தகட்டைக் கழட்டாம இருந்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும். நீ வழி சொன்னே, நான் அடையாளத்தை அழிச்சேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம், உன்னை மட்டும் சொல்ல மாட்டேன்.

அந்தக் கம்பி சர்ஜன் போட்டது. மயக்க மருந்து இல்லை. நான் விளக்குப் பிடிச்சேன், அப்பா என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டார். கம்பியை முறுக்கும்போதெல்லாம் அவர் நகம் உள்ளே இறங்கிச்சு. தழும்பு இன்னும் இருக்கு. கம்பி போட்ட வாயை அசைச்சு அசைச்சு அந்த ஏழாவது ஆள் பேரைச் சொல்லப் பார்த்தார், எனக்குப் புரியலை. அதனாலதான் உனக்கு முகத்தைக் காட்டலை. உதடு கிழிஞ்சு கம்பி வெளியே தெரிஞ்சது. நீ சின்னப் பையன். அந்த முகத்தோட நீ வளர வேண்டாம்னு நினைச்சேன். கம்பியைப் பத்திச் சொல்லாம விட்டது என் தப்பு.

ஸ்டேஷன் வாசல்ல கருகினதையும் ரோட்டுல கிடந்ததையும் முறத்துல பொறுக்கி எடுத்து வெச்சிருக்கேன். ஒரு கையால முடிஞ்ச வரைக்கும். குழியை மூடலை. தாடை உன்கிட்ட வருது. அதைத் தபால்ல போடாதே, யார்கிட்டேயும் கொடுத்தனுப்பாதே. நீ எடுத்துட்டு வா. எத்தனையோ காரணம் சொல்லி வராம இருந்தே, நான் ஒண்ணும் கேட்கலை. இப்போ கேட்கறேன். அது வந்து சேர்ந்த பிறகுதான் மண்ணு தள்ளுவேன்.

மீசை அப்படியே இருக்கான். இன்னிக்குக் காலையிலகூட அவன் கல்லைப் பெருக்கினேன்.

அக்கா

மே 22

அக்கா,

உன் கடிதம் நேத்து வந்தது. பெட்டி அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துடுச்சு.

பட்டறையில எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சுத்தான் திறந்தேன். இவன்தான் எங்கப்பாவைக் கொன்னவன்னு சொன்னேன். இரும்பைத் தட்டற அடைகல்லுமேல வெச்சு, பெரிய சுத்தியலை எடுத்தேன். பதினோரு அடி. ஒவ்வொண்ணா சத்தமா எண்ணித்தான் அடிச்சேன். மூணாவது அடியிலேயே பொடியாயிடுச்சு, ஆனாலும் நிறுத்தலை. மிச்சத்தைப் பெருக்கிச் சாக்கடையில தள்ளிட்டேன்.

நேத்துச் சாக்கடை மூடியைத் தூக்கி, உள்ளே இறங்கி, கையை விட்டுத் தேடினேன். கம்பி மட்டும் கிடைச்சது. நசுங்கி இருக்கு. நசுங்கினதை எல்லாம் தட்டி நேராக்கற எனக்கு இதைத் தொட முடியலை.

தீப்பெட்டியில போட்டு எடுத்துட்டு வர்றேன். ஜூன் ஒன்பதாம் தேதி அங்கே இருப்பேன். மேற்கு கேட்டுக்கு வர்றேன்.

திறப்பியா அக்கா?