கிழக்கு முனையில் பத்துப் பேர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம். இங்கிலாந்தின் இந்த லிங்கன்ஷயரில் மலையே இல்லாததால் காற்றுதான் ஓயமாட்டேன் என்கிறது.

விமானிகளின் பேச்சைக் கேட்க நான் வைத்திருக்கும் ஸ்கேனர் ரேடியோப் பெட்டியை விற்றுவிடச் சொல்லி எழுதியிருந்தாய். விற்க மாட்டேன். செவ்வாயன்று எனக்குத் தொழிற்சாலை விடுமுறை. விமானப்படைத் தளத்தின் வேலியோரம், விமானங்கள் வழக்கமாக இறங்கும் கிழக்கு முனையில், விமானம் பார்க்கும் கிளப்காரர்கள் பத்துப் பேர் கேமராவோடு நின்றார்கள். எல்லாரிடமும் கிளப் அச்சிட்ட அலைவரிசைப் பட்டியல். அந்த அலைவரிசைகள் போன வாரமே மாறிவிட்டன, புதியதை நான் தேடிப் பிடித்துவிட்டேன் என்றேன். செயலாளர் டெரெக் சிரித்தார். "அச்சுல வந்தத விட உனக்குத் தெரியுமாக்கும்? போய் டீய ஊத்தும்மா."

பிற்பகலில் காற்று திசை மாறியது; விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அவர்களுடைய பெட்டிகள் ஊமையாகக் கிடக்க, என் பெட்டியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக் குரல் நான்கு போர்விமானங்களை மேற்கு முனை வழியாக இறங்கச் சொன்னது. மேற்கு முனைக்குப் போகச் சைக்கிளை எடுத்தேன்.

"கோவிச்சுக்கிட்டுப் போறா பாரு!" என்றார் அவர்களில் ஒருவர்.

நான்கும் என் தலைக்கு மேலேயே இறங்கின. அதற்குப் பிறகுதான் டெரெக் மூச்சிரைக்க ஓடி வந்தார். "எந்த அலைவரிசைம்மா?"

"பட்டியலப் பாருங்க" என்றேன்.

பெட்டிக்கு ஒரு கம்பளி உறை பின்னி அனுப்பு. அந்தக் குரல்கள் என்னோடு பேசவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் விடுமுறை நாளில், என்னைக் கேலி செய்யாமல் என் காதில் விழும் மனிதக் குரல் வேறு எதுவும் இல்லை. உறையில் என் பெயரைப் பெரிதாகப் பின்னிவிடு. அவர்கள் படிக்கட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

எர்லிஸ்