அறுபது பாக்கெட் கஷாயம்

தேஜான், மார்ச் 8

அன்பான, அகலமான அப்பாவுக்கு,

போனில் பேசினால் உங்கள் பட்டறை விடுதி அறையில் எட்டுக் காதுகள் கேட்கின்றன என்கிறீர்கள். தாளுக்குக் காது இல்லை, ஆகவே எழுதுகிறேன். டாக்டர் ஓக் சொன்னதை அம்மா அப்படியே ஒப்பித்தாள்: “வயித்துக் கொழுப்பு இருந்தா ஆபரேஷன்ல புராஸ்டேட் சுரப்பி கிட்டப் போறதே கஷ்டம். ரத்தம் கூடப் போகும், ஓரத்துல புற்று தங்கிடலாம், சிறுநீர் அடங்க மாசக்கணக்காகலாம்.” ஆபரேஷன் மே இருபது, அதற்குள் தொண்ணூற்றாறு கிலோ எண்பத்தெட்டாக வேண்டும். போன வாரம் எத்தனை ஆபீஸ் விருந்து? உண்மை வேண்டும்.

உங்களுக்குப் பதிலாக இளைத்துக்கொண்டிருக்கும்,
போரா

கோஜே, மார்ச் 15

வாயாடிக்கு,

மூன்று. பிரிவுத் தலைவர் பியோன் பன்றி இறைச்சியைக் கீரை இலையில் சுருட்டித் தன் கையாலேயே ஊட்டுகிறார். தயங்கினால், “என்னப்பா, என் கை கசக்குதா?” என்கிறார். வேண்டாம் என்றால் காரணம் கேட்பார். இந்த நோயின் பெயரைக் கப்பல் பட்டறை ஆட்கள் முன் என்னால் சொல்ல முடியாது. இப்போது தொண்ணூற்றேழு. பயமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே.

அப்பா

மார்ச் 21

அப்பா,

பார்சலில் அறுபது கஷாயப் பாக்கெட். தோழி வீட்டு மருந்துக்கடையில் நானே அடைத்து ஒட்டினேன். உள்ளே வறுத்த பார்லித் தண்ணீர்தான்! கஷாயத்துக்குப் பத்தியம் உண்டே, அதைக் குடிப்பவன் வாயில் பன்றியையும் சாராயத்தையும் திணிக்க நம் ஊரில் எந்தத் தலைவருக்கும் துணிச்சல் வராது. முகத்தை மட்டும் நன்றாகச் சுளியுங்கள்.

வைத்தியர் போரா

மருத்துவமனை, மே 20

போரா,

எண்பத்தெட்டு வந்துவிட்டது. ஆனால் ஆபரேஷன் நின்றுவிட்டது. ஆபீசில் குடலிறக்கம் என்று சொல்லியிருந்தேன், பியோனே காரில் கொண்டுவந்து விட்டார். பையில் நர்ஸ் பாக்கெட்டைப் பார்த்தாள். “ரெண்டு மாசமா ஒருநாள் தவறல!” என்று பெருமையாகச் சொன்னார் பியோன். கஷாயம் குடித்தவரை உடனே வெட்டினால் ரத்தம் நிற்காமல் போகலாமாம். அடுத்த தேதி ஜூன் இருபத்தெட்டு. அது வெறும் பார்லித் தண்ணீர் என்று சொல்ல வாயைத் திறந்தேன், மூடிவிட்டேன். அவர் கை என் தோள்மேல் இருந்தது. அதுவரை புற்று சும்மா இருக்குமா?

அப்பா

மருத்துவமனை வாசல், மே 21

அப்பா,

நர்ஸ் உங்கள் கடிதத்தையும் பாக்கெட்டையும் தந்தாள், இதையும் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். டாக்டர் ஓக் முன்னால் ஒரு பாக்கெட்டை வெட்டிப் பாதி குடித்தேன். மீதியை அவர் குடித்தார். சிரிக்கவே இல்லை. “ரத்தப் பரிசோதனை சரியா இருந்தா வெள்ளிக்கிழமை பண்றேன். ஆனா உங்கப்பா தன் வாயால சொல்லணும்” என்றார். பியோன் ஐயா உங்கள் கட்டிலருகே இருக்கிறாராம். அவரை நான் வெளியே கூப்பிடப் போவதில்லை. புதுப் பொய்யும் கையில் இல்லை. குறும்பு என்னுடையது, உடம்பு உங்களுடையது. மன்னியுங்கள்.

போரா

மே 22

போரா,

டாக்டரிடம் சொல்லிவிட்டேன், பியோன் முன்னாலேயே, நோயின் பெயரோடு. பியோன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். பிறகு, “உனக்குத் துணையா நானும் ரெண்டு மாசம் சாராயத்தை விட்டேனேடா, பாவி!” என்று கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது. ரத்தம் சரியாக இருக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்கு.

எண்பத்தெட்டு கிலோவும் நடுங்குகிறது, மகளே. வெட்டிய பிறகு சிரித்தால் தையல் வலிக்குமாம். கதவருகே நின்று முகத்தை மட்டும் காட்டு. வாயைத் திறக்காதே.

உன் அப்பா