தெளிநீர் விழா எடுத்த அமைச்சன் தழையூர்க் கொற்றியாருக்கு விடுத்த ஓலை

நலம் நிறைக. மலைமுகடு மழை தாங்கி நிற்க. ஆறு வழுவாது ஓடுக. கடல் தன் எல்லையில் அமைக. வெண்கோட்டு நாடாளும் கோ விறல்சேந்தர் திருவாணைப்படி, அவர்தம் பேரமைச்சனும் நான்மண்டபக் கல்விக்கழகத்தின் தலைவனுமாகிய அரட்டன் நாகன், அலைவாய்ப்பட்டினத்து உப்பளக் கொட்டகையில் மாணாக்கரோடு தங்கியிருக்கும் ஆசான் தழையூர்க் கொற்றியார் திருமுன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தலைவன் என்று எழுதும்போதே நாகனுக்குக் கை கூசுகிறது. ஓலைமுறைக்காக எழுதினான், பொறுத்தருள்க.

கழகத்தில் மண், நீர், காற்று, உயிர் என நான்கு பொருளையும் நான்கு ஆசான்கள் நான்கு மண்டபங்களில் ஓதுவதும், ஒரு மண்டபத்தார் மற்றொன்றின் பொருளில் வாய் திறந்தால் அன்றைய சோற்றை இழப்பதும் தொன்றுதொட்ட வழக்கம். அதைப் புறந்தள்ளித் தாங்கள் புதுமாணாக்கருக்கு உலகியக்க முதற்பாடம் என ஒன்றை முற்றத்தில் தொடங்கினீர்கள். அதற்குச் சுவடி இல்லை, ஆளுக்கொரு குடம். மாதந்தோறும் நறையாற்று நீரை மொண்டு தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலை விரலால் அளந்து, அவ்வண்டல் எங்கே போகிறதென்று கடல்வாய் வரை நடந்து பார்க்க வேண்டும். மலை தேய்ந்த மண்ணே கரையாகிறது, கரையில் வேரூன்றும் அலையாத்திக் காடே அலையைத் தடுக்கிறது, கடலில் எழும் மேகம் மலைக்கே திரும்புகிறது, ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசையும் என்பது தங்கள் பாடம். குடம் சுமக்கவா பிள்ளைகளைக் கழகத்துக்கு அனுப்பினார்கள் என்று நாகன் அவை நடுவே நகைத்தான். அவையும் நகைத்தது, அமைச்சன் நகைத்தால் அவை வேறென்ன செய்யும்?

அவ்வாண்டே அவன் நறையாற்றின் குறுக்கே பேரணை எழுப்பினான். மூன்றாம் ஆண்டில் குடத்து வண்டல் நான்கு விரலிலிருந்து ஒரு விரலாகியது. தாங்கள் குடங்களை வரிசையாக வைத்து, மண் அணைக்குப் பின்னே சிறைப்பட்டது, கரை பட்டினி கிடக்கிறது, அடிமதகைத் திறக்க வேண்டும் என்று உரைத்தீர்கள். நாகன் குனிந்து பார்த்தான். நீர் பளிங்காய் இருந்தது. கலங்கிய ஆற்றைத் தெளிவித்தது தன் அணையே என்று பூரித்துப்போனான்! கடல்வாயில் தெளிநீர் விழா எடுத்து, யானை மீதிருந்து பூத்தூவினான். பாடத்தை நிறுத்தினான், தங்களுக்குக் கழக வாயிலையும் அடைத்தான்.

சென்ற கார்த்திகையில் கடல் எழுந்து, வண்டலின்றித் தேய்ந்த கரையைத் தாண்டி, பரதவர் தெருக்கள் ஐந்தில் இரண்டையும், விழாப்பந்தல் நின்ற திடலையும் கொண்டுபோயிற்று. உயிர் ஒன்றும் போகவில்லை; அது நாகனின் திறமையன்று. அவன் துரத்திய தாங்களும் தங்கள் மாணாக்கரும் கடலின் குறி கண்டு மூன்று நாள் முன்பே வீடு வீடாகச் சென்று மக்களை உப்பளமேட்டில் ஏற்றியிருந்தீர்கள். பார்வையிட வந்த நாகனிடம், வீடிழந்த பரதவப் பெண் முத்தி, நீர் இப்போதும் தெளிவாகத்தான் இருக்கிறது, ஐயா பூத்தூவ எழுந்தருளலாமே என்று கைகூப்பி விண்ணப்பித்தாள். அந்த வெட்கம் இன்றும் சோறு இறங்கவிடாமல் இருக்கிறது.

அரசர் அவனைத் தண்டிக்கவில்லை. குடத்தைப் பார்க்கத் தெரியாதவனை நாட்டைப் பார்க்கவிட்டோமே என்று தம்மையே நொந்துகொண்டார். தண்டித்திருக்கலாம்.

ஆகவே ஆணை யாதெனில், இன்றே அடிமதகு திறக்கப்படும். இனிக் கழகம் புகுவோர் எவரும் முற்றத்துப் பாடம் முடித்தே மண்டபம் ஏறுவர். தலைமைப் பீடம் தங்களுக்குரியது. எஞ்சிய மூன்று தெருக்கள் அடுத்த கார்த்திகையைத் தாங்குமா, தாங்கச் செய்வது எப்படி என்று அறிந்தவர் தாங்கள் ஒருவரே, வந்தருள்க. வற்புறுத்த நாகனுக்கு முகமில்லை. வகுப்பின் முதல்நாள் கடைசி வரிசையில் நரைத்தலை மாணாக்கன் ஒருவன் குடத்தோடு அமர்ந்திருப்பான். அவனுக்குத் தனி மரியாதை எதுவும் வேண்டா.

இவ்வோலைக்கு அரக்கு இடவில்லை. நாகன் நேற்றுத் தானே ஆற்றில் இறங்கி மொண்ட குடத்து வண்டலை வழித்தெடுத்து, அதன்மேல் அரச இலச்சினையாகிய களிற்றைப் பதித்தான். தலையும் துதிக்கையும் மட்டுமே விழுந்தன. உடலுக்கு மண் போதவில்லை. குறைமுத்திரை ஓலை செல்லாது என்பது இந்நாட்டு விதி. இவ்வொன்று செல்லும் என்று கோ விறல்சேந்தர் தம் கைப்பட எழுதினார்.