மாம்பழத்தின் மேல் பிழையில்லை

மச்சான்,

ஷார்ஜா முவைலாவில் நம் தொழிலாளர் கேம்ப்புக்குப் பின்னால் இருக்கும் பாகிஸ்தானியின் ரொட்டிக் கடையில் இன்று வரிசையில் நின்றேன். உள்ளே மாவு புளித்துக்கொண்டிருந்தது. அந்த ஈஸ்ட் வாடை மூக்கில் ஏறியதும் ரொட்டி வாங்காமலே திரும்பிவிட்டேன். நீ இறந்துபோய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

நம் அறையில் இரண்டே கட்டில். மூன்றாவது ஆளாக அந்த இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் குடிவைத்தவன் நீ. துபாயில் ஒரு ஹோட்டல் பாரில் கண்ணாடி கழுவிய காலத்தில், வெள்ளைக்காரர்கள் கலங்கலான கோதுமை பியர் குடிப்பதைப் பார்த்திருக்கிறாய். சைட் வேலைக்கு வந்த பிறகும் அதைச் செய்தே தீருவது என்று உனக்கு ஒரு கிறுக்கு. கோதுமையை முளைகட்டி, மொட்டைமாடியில் காயவைத்து, இடித்து, காய்ச்சி வடித்து, ஈஸ்ட் போட்டு, கடைசியில் மாம்பழக் கூழைச் சேர்ப்பாய். இத்தனைக்கும் அரை டம்ளர் குடித்தாலே உனக்கு முகம் சிவந்து தூக்கம் வந்துவிடும். மதுவுக்கே தடையுள்ள ஷார்ஜாவில் பிடிபட்டால் என்ன கதியாகும் என்று நான் புலம்பினால், "எனக்குக் குடிக்கவேணும் எண்டில்லை, செய்யவேணும்" என்பாய். விடுமுறை நாட்களில் புதுக்கோட்டைக்காரனும் யாழ்ப்பாணத்துக்காரனும் எதிரெதிரே உட்கார்ந்து, கேனில் குமிழி கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.  அது போதுமாக இருந்தது.

மூன்றாவது தடவை போட்டதை ஜூஸ் பாட்டில்களில் அடைத்து என் கட்டிலுக்கு அடியில் வைத்தாய். சூடேறினால் உள்ளே காற்று முட்டும், ஏசி நிற்கவே கூடாது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் டூட்டிக்குப் போனாய். ஆகஸ்ட் மாதம். நான் அடுத்த பஸ். அறையைவிட்டுப் போகும்போது ஏசியை அணைக்க வேண்டும் என்று கேம்ப்பில் எழுதி ஒட்டியிருப்பார்கள். நீயெல்லாம் அதைச் சட்டை செய்ததே இல்லை. நான் வந்த நாள் முதல் அதற்குக் கட்டுப்பட்டவன். அன்றும் பழக்கதோஷத்தில் அணைத்துவிட்டுப் போனேன்.

மத்தியானம் பாட்டில்கள் வெடித்தன. நாம் திரும்புவதற்குள் கேம்ப் பாஸ் கதவைத் திறந்து, வாடை போக ஏசியையும் போட்டிருந்தார். அது அணைந்து கிடந்தது உனக்குத் தெரியாமலே போயிற்று. ஆபீஸ் வாசலில் என் கையைப் பிடித்தாய்.

"நீ ஒண்டும் கதையாதை மச்சான். உனக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. ரெண்டு பேரும் போய் என்ன செய்யிறது?"

உள்ளே போய் எல்லாம் உன்னுடையது என்று இந்தியில் சொன்னாய். போலீஸ் வரை போகவில்லை. விசாவைக் கேன்சல் செய்து, ஒரே வாரத்தில் உன்னைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஊரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் பேச்சு அங்கேயே வந்து நிற்கும். "மாம்பழம் கூடிப்போச்சுது, அதுதான் போத்தில் வெடிச்சது. என்ர கணக்குத்தான் பிழைச்சது." நான் உம் கொட்டுவேன். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்த நாட்களும் உண்டு. அந்த நேரம் பார்த்து நீ என் மகனை விசாரிப்பாய். நானும் நல்லதாகப் போயிற்று என்று அவன் பள்ளிக்கூடக் கதையை ஆரம்பித்துவிடுவேன். நீ அதற்குப் பிறகு பியர் போடவே இல்லை. கைராசி இல்லை என்று விட்டுவிட்டாய்.

நெஞ்சுவலியில் நீ போன செய்தியைச் சொல்ல உன் தங்கை அழைத்தாள். அண்ணா எப்போதும் உங்களைப் பற்றித்தான் கதைப்பார் என்று அழுதாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

உன் கட்டிலில் இப்போது வேறொருவன். நல்ல பையன்தான், வந்ததும் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வான். இந்த அறையில் எனக்குப் பேச ஆளில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்.

உன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை மச்சான். ஏசியை அணைத்தவன் நான். கேம்ப் பாஸ் முன்னால் நான் வாய் திறக்காமல் நின்றது நீ சொன்னதால். அதற்குப் பிறகு ஏழு வருடம் வாய் திறக்காமல் இருந்தேனே, அப்படி இருக்கச் சொல்லி நீ என்னிடம் கேட்கவே இல்லை.