சவுக்குத் தோப்புத் திருப்பம்

சனிக்கிழமை, இரவு.

நாளைக் காலை மாமல்லபுரத்தில் பள்ளிப் பெண்களுக்கான மாவட்ட கிராஸ் கன்ட்ரி ஓட்டம்; மைதானத்தில் இல்லை, மணலிலும் தோப்பிலுமாக ஓட வேண்டும். என் மகள் தேவியும் ஓடுகிறாள். ஓட்டம் முடியும் இடத்தில் முன்னால் போய் நிற்கலாம் என்றிருந்தேன். சாப்பிடும்போது சொன்னாள்:

"அங்க வாணாம்பா. சவுக்குத் தோப்பு திருப்பத்துல நில்லு. அங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. வுட்டுட்டு ஒக்காந்துரலாமான்னு இருக்கும்."

"அத்தினி மரத்துக்கு நடுவுல நான் எப்டிம்மா தெரிவேன்?"

"உன் டோல்கேட் கோட்ட போட்டுகினு வா."

வேலைக்குப் போடும் அந்த ஆரஞ்சு கோட்டோடு பள்ளிக்கூட வாசலுக்கு வராதே என்று போன வருடம் அழுதவள் இவள்தான்.

கோட்டைத் துவைத்து மின்விசிறிக்குக் கீழே விரித்திருக்கிறேன். தோள்பக்கம் இன்னும் ஈரம். காயாவிட்டால் என்ன, அப்படியே மாட்டிக்கொண்டு போவேன்.