ஓலை கட்டிய தென்னைகள்

கினோலா கிராமம்,
கார் நிக்கோபார்.

அன்பு மகள் லோயிஸுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வருகிறது, மழையோடு போகிறது. போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடும். அறுந்து போகாவிட்டால் உன் அம்மா குறுக்கே பேசுவாள். அதனால் கப்பலேறும் பாதிரியார் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

நர்ஸ் வேலைக்குச் சென்னை ஆஸ்பத்திரியா, நம் தீவு ஆஸ்பத்திரியா என்று இந்த மாத முடிவுக்குள் நீ பதில் சொல்ல வேண்டும் என்றாய். சென்னைக்கே போ, இங்கே படித்தவனுக்கு மதிப்பில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பதில் அனுப்புவதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடு.

மதிப்பைப் பற்றி எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன். போர்ட் பிளேரில் அத்தனை வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். பாடப்புத்தகத்தில் நமக்கு அரைப் பக்கம். டேனிஷ்காரன் வந்து தன் ராஜா பெயரை வைத்தான், ஆஸ்திரியாக்காரன் வந்து ராணி பெயரை வைத்தான், பிறகு ஆங்கிலேயன், பிறகு ஜப்பான்காரன். நாம் அவர்களுக்கு என்ன பெயர் வைத்தோம் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதை வகுப்பில் சொன்னதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவன் தலைமை ஆசிரியர் ஆனான். நான் எதையும் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். டைட்டஸ் மாமாவோடு நான் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும். காரணம் தெரியாது.

அந்தச் சுனாமி அலை நம் பழைய கரையையும் தோப்பையும் கொண்டுபோனது. நின்ற மரங்களும் உப்பு ஏறிப் பட்டுப்போயின. அதன்பிறகு நாங்கள் போர்ட் பிளேர் முகாமில் இருந்தோம். நீ பிறந்ததும் அங்கேதான். நம் துஹேத் கூட்டுக்குடும்பத்தின் பெரியவர்கள் மேட்டில் என் பங்குக்கு ஒரு துண்டு நிலம் ஒதுக்கி வைத்தார்கள். வேலையை விட்டு நான் ஊர் திரும்பியபோது அந்த நிலம் முழுக்க டைட்டஸ் நட்ட தென்னைகள், காய்த்துத் தொங்குகின்றன. நிலம் யாருடையதானாலும் மரம் நட்டவனுக்கு என்பது நம் வழக்கம். அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் சொந்த அத்தை மகன், ஒரு வார்த்தை கேட்டானா?

கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லாமல் போய் ஒவ்வொரு மரத்துக்கும் ஓலை முடிச்சு கட்டினேன். ஓலை கட்டிய மரத்தை இங்கே ஒருவரும் தொடமாட்டார்கள், ஏன் கட்டினாய் என்றும் கேட்கமாட்டார்கள். டைட்டஸ் வந்தான், முடிச்சுகளைப் பார்த்தான், தலையை ஆட்டிக்கொண்டு போனான். விழுந்த காய்களை மட்டும் வழக்கம்போல் பொறுக்கித் தன் பன்றிகளுக்குப் போட்டான். அவற்றில் ஒன்று கன்றுக்குட்டி அளவுக்குக் கொழுத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

போன சனிக்கிழமை படகுப் போட்டியும் பன்றி விருந்தும் நடந்தன. நம் ஊர்ப் படகு ஜெயித்தது. நான் கத்தினேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் இன்னும் தொண்டை சரியாகவில்லை. விருந்துக்கு எல்லாருடைய பன்றிகளும் வந்தன. டைட்டஸின் அந்தப் பெரிய பன்றி மட்டும் மூங்கில் பட்டிக்குள் சுகமாகப் படுத்திருந்தது. இதுதான் சமயம் என்று எழுந்து, ஊர்த் தலைவர் கேப்டன் மெஷாக்கிடம், "அந்தப் பன்றி யார் வீட்டுத் தேங்காயைத் தின்னு வளர்ந்ததுன்னு அவன்கிட்டக் கேளுங்க கேப்டன்" என்றேன்.

டைட்டஸ் வாயிலிருந்த தாழம்பழத்தை விழுங்கிவிட்டு, "லோயிஸ் தேங்காயத் தின்னு வளர்ந்தது. பன்றியும் லோயிஸோடதுதான். அவ வராம எப்படி வெட்டறது?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. கேப்டன் மெஷாக் சிரித்தார். "முகாம்ல பொண்ணு பொறந்திருக்குன்னு சேதி வந்த வாரமே இவன் தென்னங்கன்னு நட்டான்பா. அப்பன் பக்கத்துல இல்லேன்னா குழந்தைக்கு வேற யாரு நடுவா? நீயும் லேசுப்பட்டவன் இல்ல. மக வர்ற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாதுன்னு மரத்துக்கு மரம் ஓலை கட்டியிருக்கியே! அப்பன்னா இப்படி இருக்கணும்னு ஊரே பேசுது" என்றார். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். எட்டோலா கிழவர் என் முதுகில் தட்டினார், அந்த இடம் இன்னும் வலிக்கிறது.

நான் மெல்ல உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் உன் அம்மா, "ரெண்டு வருஷமாப் பேசாம இருந்தது இதுக்கா? நான் சின்ன வயசுல போட்ட அந்தத் துடுப்புச் சண்டைன்னுல்ல நினைச்சேன்!" என்றாள். பிறகு வாய்க்காலோரம் நின்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவளுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். "குழந்தைக்கு மரம் நட்டாங்களான்னு யாராச்சும் கேப்பாங்களா? நட்டிருப்பாங்க" என்றாள். போர்ட் பிளேரில் இருந்த காலத்தில் இந்த ஒன்றை மட்டும் நான் மறந்துபோயிருக்கிறேன்.

ஆனாலும் டைட்டஸ் மரங்களை மிக நெருக்கமாக நட்டிருக்கிறான். இதை நான் சொல்லாமல் இருக்க முடியாது.

விருந்தில் பெண்கள் எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். இப்போதுள்ள நர்ஸ் நல்ல பெண். ஆனால் நம் பேச்சு புரியாது. எட்டோலா கிழவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினால் வயிற்றுக்கு மாத்திரை தருகிறாள். "நம்ம பொண்ணு வந்தா வாயால சொல்லிட்டுப் போவேன்" என்கிறார். சென்னைக்குப் போகச் சொன்னவனே நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

அந்த முடிச்சுகளை நான் அவிழ்க்கப்போவதில்லை. இனி அது மரத்துக்கு உடையவளின் வேலை. பழைய ஓலை மழையில் மட்கிவிட்டது, அதனால் நேற்றுப் புதிதாகக் கட்டினேன். டைட்டஸ் ஓலை கிழித்துக் கொடுத்தான். நாங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை என்று அம்மா போனில் சொன்னால் நம்பாதே. "தள்ளி நில்லுடா" என்று இரண்டு முறை சொன்னேன்.

நீ எந்த ஊரில் வேலை பார்த்தாலும் கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பார். சென்னையிலும் தென்னைகள் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். அவற்றை யார், யாருக்காக நட்டார்கள் என்பதுதான் நமக்குத் தெரியாது. யோசித்து எழுது மகளே.

உன் அப்பா,
ஆப்னேர்

பின்குறிப்பு: பன்றிக்கு வயதாகிக்கொண்டு போகிறது, இனிமேல் கறி முற்றிவிடும் என்று டைட்டஸ் எழுதச் சொன்னான். நான் எழுதச் சொல்லவில்லை.